கோல்ஃப் விளையாட எங்க போறது? ஒரு திருகோணமலைக்காரன்ட கணக்கு

சீனக்குடாவில கோல்ஃப் கோர்ஸ் ஒண்டு இருக்கெண்டு எங்கட ஊர்லயே கனபேருக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆக்களும் "அது எயார்ஃபோஸ்காரற்ற, எங்களை விடமாட்டாங்கள்" எண்டுதான் சொல்லுவினம், இல்லாட்டி "அது காசுக்காரன்ட விளையாட்டு தம்பி, உனக்கேன் உந்த விசர் வேலை" எண்டுவினம். ரெண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லி வாய் நோகுது, அதாலதான் ஒரேயடியா இதில எழுதிவிடுறன். இனி ஆரும் கேட்டா லிங்கை அனுப்பிப்போட்டு பேசாம இருக்கலாம்.

முதல்ல ஒண்டு சொல்லவேணும். நான் பெரிய பிளேயர் இல்ல. எங்கட செட்ல ஒருத்தருக்கும் ஹண்டிகாப் (ஆளின்ட திறமையைக் காட்டுற கணக்கு) எண்டு ஒண்டு கிடையாது. ஒருத்தர் பென்ஷன் எடுத்த கணக்கு மாஸ்டர், ஒருத்தர் உப்புவெளிப் பக்கம் ஹோட்டல்ல வேலை, மற்றது எங்கட அக்காவின்ட மனுசன், நாலாவது நான். ஆராவது வராட்டி வெளிநாட்டில இருந்து லீவுக்கு வந்து நிக்கிற மச்சான்மாரில ஒருத்தரைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போறது. இப்பிடிப்பட்ட கூட்டம் ஒண்டுக்கு எந்த கோர்ஸ் சரிவரும் எண்டதுதான் இங்க கதை. போட்டிக்குப் போற ஆக்கள் வேற இடத்தில வாசியுங்கோ.

கோர்ஸ் தேடேக்க எல்லாரும் போட்டோவைத்தான் பாக்கிறது. பச்சைப்பசேல் எண்டு புல்லு, பின்னால மலை, முன்னால தண்ணி. அதைப் பாத்து முடிவெடுக்காதேங்கோ. நாலுபேர் போறீங்களெண்டா அந்த நாலுபேரில ஆர் ஆகவும் மெதுவா விளையாடுவார், ஆருக்கு ஆகக் குறைய நேரம் இருக்கு, ஆற்ற பேர்ஸ் ஆக மெல்லிசு எண்டு பாருங்கோ. அந்த மூண்டு பேருக்கும் ஏலுமான இடம்தான் உங்கட இடம். நல்லா அடிக்கிறவன் எங்க விட்டாலும் சந்தோஷமா விளையாடுவான், அவனைப் பற்றி யோசிக்கத் தேவையில்ல. ஆனா மாஸ்டர் மாதிரி ஒருத்தர், எழுபதுக்குக் கிட்ட வயசு, எல்லா ஷொட்டையும் செவன் அயன் எண்ட ஒரே மட்டையாலதான் அடிப்பார் (முதல் அடிக்கிற டீ ஷொட்டும் அதுதான், பங்கர் எண்ட மணல் பள்ளத்துக்குள்ள இருந்தும் அதுதான், ஒருக்கா குழி இருக்கிற கிரீன்ல, பந்தை உருட்டி விடுற பட்டருக்குப் பதிலா அதாலயே தட்டிவிட்டு உள்ள போட்டும் காட்டினவர்), அவர் பின்னால வாற குரூப்பைப் பாத்துப் பதகளிக்காம நடக்கிற இடமா இருக்கவேணும். பின்னுக்கு நாலு ஆக்கள் இடுப்பில கையை வைச்சுக்கொண்டு முறைச்சுப் பாத்துக்கொண்டு நிண்டா அண்டைக்கு மாஸ்டர் விளையாடினது விளையாட்டே இல்ல.

எங்களுக்குக் கிட்ட இருக்கிறது ஈகிள்ஸ் கோல்ஃப் லிங்க்ஸ், சீனக்குடாவில, விமானப்படை நடத்துறது, 18 ஹோல் (பந்தைப் போடுற குழி). டவுன்ல இருந்து மோட்டர்சைக்கிள்ல வெளிக்கிட்டா பாட்டு நாலஞ்சு கேட்டு முடியுறதுக்குள்ள போயிடலாம். அந்தப் பக்கம் எண்டா எல்லாருக்கும் பிறீமா மா மில்லும் சீமெந்து ஃபெக்டரியும் வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப்போன எண்ணெய்த் தாங்கியளும்தான் ஞாபகம் வரும், 99 தாங்கி காட்டுக்குள்ள நிக்குது எண்டு பள்ளிக்கூடத்திலயே படிச்சிருப்பம். 1942 ஏப்ரல் 9ம் திகதி ஜப்பான்காரன் வந்து குண்டு போட்ட இடமும் இதுதான். துரைமார் இருந்த காலத்தில இந்த விளையாட்டு ஆருக்கு எண்டு இருந்தது எண்டு உங்களுக்குத் தெரியும். எங்கட ஆக்கள் பந்து பொறுக்கத்தான் உள்ள போயிருப்பினம்.

இன்னொரு விஷயமும் இருக்கு, அதை மறைச்சு எழுதிறதில அர்த்தமில்ல. படைமுகாம் பக்கம் போறதெண்டா எங்கட ஆக்களில சிலருக்கு இண்டைக்கும் மனசு ஒத்துக்கொள்ளாது. அடையாள அட்டையைக் கையில எடுத்துக்கொண்டு கேட்டடியில நிக்கிற அந்த நிமிஷம் பழைய செக்பொயிண்ட் காலத்தை ஞாபகப்படுத்துது எண்டு என்ர கூட்டாளி ஒருத்தன் சொன்னான், அவன் வாறேல்ல, நாங்களும் வா வா எண்டு வற்புறுத்துறேல்ல. அது அவன்ட நியாயம். நான் போறன், அது என்ர நியாயம். போற ஆக்களுக்குச் சொல்லுறது, ஐடி கார்ட் கட்டாயம் கொண்டுபோங்கோ, போறதுக்கு முதல் போன் எடுத்து அண்டைக்குத் திறந்திருக்கோ எண்டு கேளுங்கோ, உள்ள கண்டபாட்டுக்கு போட்டோ எடுக்காதேங்கோ. முகாம் பக்கத்தில அவையளுக்கு ஏதும் நிகழ்ச்சி எண்டா பொது ஆக்களுக்கு இடம் இருக்காது, அது எந்த ஊர்லயும் அப்பிடித்தான்.

மற்ற இடங்களையும் நாங்கள் யோசிக்காமல் இல்ல. அனுராதபுரத்திலயும் விமானப்படையின்ட கோர்ஸ் ஒண்டு இருக்கு, ஹொரவப்பொத்தானை வழியா 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. போய் விளையாடி வாறதெண்டா ஒரு முழுநாள் போச்சு. கண்டிக்கு அங்கால திகனையில விக்டோரியா, 1999ல திறந்தது, நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில. வடிவெண்டா அதுதான் வடிவு, அதில ரெண்டாம் பேச்சில்ல. ஆனா மேடும் பள்ளமும், நடந்து விளையாடினா முழங்கால் கதை சொல்லும், அங்க காசும் கூடத்தான். நுவரெலியா 1889ல தொடங்கின கிளப், டவுனுக்கு நடுவில, 6,000 அடிக்கு மேல உயரம் எண்டபடியா காத்து லேசு, பந்து வழமையைவிடக் கொஞ்சம் தூரம் போகும், "நான் இவ்வளவு தூரம் அடிச்சனானோ" எண்டு நினைச்சு சந்தோஷப்படலாம். கொழும்பில றோயல் கொழும்பு, 1879, அதுக்குள்ளால களனிவெளி ரெயில் பாதை போகுது, ரெயில் வந்தா நிண்டு பாத்துப்போட்டு அடிக்கவேண்டியதுதான். இதெல்லாம் வருஷத்தில ஒருக்கா கலியாணவீடு சாமத்தியவீடு எண்டு அந்தப் பக்கம் போகேக்க ஒட்டிப்போட்டு விளையாடுற இடங்கள். சனிக்கிழமை காலமை அஞ்சரைக்கு எழும்பி "டேய் போவமே" எண்டு போன் அடிச்சுப் போறதுக்குச் சரிவராது.

கோல்ஃப் எண்டா விளையாட்டில பாதி கதைக்கிறதுதானே. கிட்ட இருந்தாத்தான் அடிக்கடி போகலாம், அடிக்கடி போனாத்தான் கதை தொடரும். நுவரெலியாவில ஒருக்கா விளையாடினதைவிட சீனக்குடாவில மாசத்துக்கு ரெண்டுதரம் அரைகுறையா விளையாடுறதில எனக்கு கூடச் சந்தோஷம்.

நேரம் எண்டது பெரிய விஷயம். 18 ஹோல் நாலுபேர் நடந்து விளையாடினா நாலு மணித்தியாலத்துக்கு மேல பிடிக்கும், பந்து தேடித்தேடி அங்கயும் இங்கயும் நடக்கிறதைச் சேர்த்தா எட்டு பத்து கிலோமீட்டர் நடை. திருகோணமலை வெயில்ல அது பகிடி இல்ல. அதால நாங்கள் 9 ஹோலோட நிப்பாட்டிப்போடுவம். விடியக் காலமை தொடங்கினா ரெண்டு ரெண்டேகால் மணித்தியாலத்தில முடிஞ்சுது, எட்டரைக்கு வீட்டில நிக்கலாம், மனுசியிட்ட பேச்சு வாங்கத் தேவையில்ல, சந்தைக்கும் போகலாம். ஆகையால எந்த கோர்ஸுக்கும் போன் எடுத்தா முதல் கேக்கவேண்டிய கேள்வி "9 ஹோலுக்கு மட்டும் காசு கட்டி விளையாடலாமோ, காலமை எத்தனை மணிக்கு முதல் குரூப்பை விடுவீங்கள்" எண்டதுதான். சில இடத்தில 9 விளையாடினாலும் 18க்குக் காசு எடுப்பினம். ஏழரைக்குத்தான் திறப்பம் எண்டு சொல்லுற இடமெண்டா எங்கட காலநிலைக்கு அது உதவாது, அவ்வளவுதான்.

காலத்தையும் பாக்கவேணும். வெளிநாட்டு ஆக்கள் வாறது டிசம்பர்ல, அது எங்களுக்கு மாரி. நவம்பர் டிசம்பர்ல வாடைக்காத்தும் மழையும், ஃபெயார்வே (கிரீனுக்குப் போற வெட்டின புல்லுப் பாதை) சதசத எண்டு இருக்கும், பந்து விழுந்த இடத்திலயே புதைஞ்சு நிக்கும். மற்றாக்கள் வாறது ஜூலை ஓகஸ்ட்ல, அப்ப கச்சான் காத்து. கச்சானைப் பற்றி வெளியூர் ஆக்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்தேலாது, அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி மேற்கால இருந்து அடிக்கும், காலமை கொஞ்சம் அமைதியா இருந்தாலும் வெயில் ஏற ஏற உரக்கும். ஆனா அந்தக் காலத்தில ஒரு நன்மை, நிலம் காய்ஞ்சு இறுகிப்போய் இருக்கும், அதால பந்து விழுந்த பிறகும் உருண்டு உருண்டு ஓடும். மேல தூக்கி அடிக்கிற ஆக்கள் காத்தில அடிபட்டுப் போவினம், கீழால தட்டி உருட்டி விடுறவன் வெல்லுவான். மாஸ்டற்ற செவன் அயன் தத்துவம் இங்கதான் வேலை செய்யுது. கிரீனுக்கு முப்பது யார் தூரம் இருக்கேக்க வெட்ஜ் மட்டையை எடுத்து வடிவா தூக்கிப்போடப் பாத்த எங்கட அத்தான்ட பந்து காத்தில பறந்து வலப்பக்கப் பத்தைக்குள்ள போச்சு, மாஸ்டர் ஒரு சின்னத் தட்டு, பந்து புல்லைத் தடவிக்கொண்டு போய்க் கொடிக் கம்பத்துக்கு ஆறடி பக்கத்தில நிண்டுது. அவர் ஒண்டும் சொல்லேல்ல, மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார், அவ்வளவுதான். அத்தானுக்கு அதுதான் கூடக் கடுப்பு. என்னைக் கேட்டா பெப்ரவரியில இருந்து ஏப்ரல் மட்டும்தான் எங்கட பக்கத்துக்கு நல்ல காலம்.

பத்தை எண்டோன்ன பந்துக்கதை. கோர்ஸ் தெரிவுசெய்யிறதில ஒருத்தரும் யோசிக்காத செலவு இதுதான். தண்ணி கூட இருக்கிற கோர்ஸ், ரெண்டு பக்கமும் காடு அடர்ந்த கோர்ஸ் எண்டா பழகுறவன் ஒருநாளைக்கு ஆறேழு பந்து துலைப்பான். புதுப் பந்து வாங்கிக்கொண்டு போகாதேங்கோ, கெடிமாரிட்ட (பை தூக்கி வழிகாட்டுற ஆக்கள்) பொறுக்கின பந்து இருக்கும், விலையைக் கேட்டு அதை வாங்குங்கோ, எங்கட அடிக்குப் புதுசும் பழசும் ஒண்டுதான். 2019ல விதி மாத்தினாப் பிறகு துலைஞ்ச பந்தைத் தேட மூண்டு நிமிஷம்தான், முந்தி அஞ்சு. நாங்கள் அந்த மூண்டு நிமிஷத்தையும் முழுசா எடுக்கிறேல்ல. எங்கட பக்கத்துப் பத்தைக்குள்ள என்னென்ன படுத்திருக்கும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. ஒரு தண்டனை ஷொட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில வைச்சு அடிச்சிட்டுப் போங்கோ, சரியான விதிப்படி திரும்பிப் பழைய இடத்துக்குப் போய் அடிக்கவேணும்தான், ஆனா சும்மா விளையாட்டில அப்பிடிச் செய்தா பின்னேரம் வரைக்கும் அங்கதான் நிக்கவேணும். காகம் பந்தைத் தூக்கிக்கொண்டு போனா தண்டனை இல்லாம இருந்த இடத்தில வேற பந்து வைக்கலாம், இது உண்மையான விதி, அத்தான் நம்பேல்ல, காட்டின பிறகுதான் நம்பினவர்.

புள்ளி எண்ணுறதும் முக்கியம், ஏனெண்டா அதுதான் பழகுறவனை ஓட வைக்கிறதும் நிக்க வைக்கிறதும். ஒவ்வொரு ஷொட்டையும் எண்ணி "நீ 11, நான் 9" எண்டு எழுதினா ரெண்டாம் ஹோல்லயே ஒருத்தன் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு நடப்பான். ஸ்டேபில்ஃபோர்ட் எண்டு ஒரு முறை, இங்கிலாந்தில ஒரு டொக்டர் கண்டுபிடிச்சது, 1932ல முதல் போட்டி வைச்சவை. பார் (ஒரு ஹோலுக்கு எண்டு வைச்ச அடிக்கணக்கு) அடிச்சா 2 புள்ளி, ஒண்டு கூட எண்டா 1, ஒண்டு குறைய எண்டா 3, ரெண்டோ அதுக்கு மேலயோ கூடிப்போனா 0, பந்தைக் கையில எடுத்துக்கொண்டு அடுத்த ஹோலுக்கு நடக்கலாம். நாங்கள் எல்லாருக்கும் ஹோலுக்கு ரெண்டு ஷொட் சும்மா குடுக்கிறது, அப்ப பாரைவிட ரெண்டு கூட அடிச்சாலும் 2 புள்ளி வரும். புதுசா ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போனா ஸ்கிராம்பிள் விளையாடுங்கோ: ரெண்டு ரெண்டு பேர் ஒரு பக்கம், ரெண்டுபேரும் அடிச்சு, நல்லா விழுந்த பந்து இருக்கிற இடத்தில இருந்து திரும்ப ரெண்டுபேரும் அடிக்கிறது. ஒருத்தர் பிழைவிட்டாலும் மற்றவர் காப்பாத்துவார். அக்கா முதல்முதல் வந்தது இப்பிடித்தான், ஒரே ஒரு நீளமான பட் (கிரீன்ல உருட்டி விடுற அடி) அவதான் போட்டவ, வருஷம் முழுக்க அந்தக் கதைதான் வீட்டில.

உடுப்பையும் கிளப் (மட்டை) செட்டையும் பற்றிக் கேக்காமப் போகாதேங்கோ. பொதுவா கொலர் வைச்ச டீசேட் வேணும், ஜீன்ஸ் கனஇடத்தில விடமாட்டினம், சாரத்தைப் பற்றிக் கதைக்கவே வேணாம் (மாஸ்டர் கேட்டவர்). வாடகைக்குக் குடுக்கிற செட்டைப் பாத்து வாங்குங்கோ. வேற ஊர் ஒண்டில, பேர் வேணாம், காசு முழுசா வாங்கிப்போட்டு கையில தந்த செட்டில கிரிப் எல்லாம் பாம்புச்சட்டை மாதிரி உரிஞ்சு போயிருந்தது, வேர்வையில அது கையை விட்டுக் கழண்டு போகப் பாத்தது, கேட்டா "வேற இல்ல சேர்". 14 கிளப் வரைக்கும் கொண்டு போகலாம் எண்டுதான் விதி, எங்களுக்கு அஞ்சு காணும், தூரத்துக்கு ஒரு ஹைபிரிட், ஒரு செவன் அயன், ஒரு நைன், ஒரு வெட்ஜ், ஒரு பட்டர். பழைய செட் வாங்கி ரெண்டுபேர் பங்குபோடலாம் எண்டு நினைக்கிற ஆக்கள் முதல் கோர்ஸில கேளுங்கோ, ஆளுக்கொரு பை இருக்கவேணும் எண்டு சொல்லுற இடங்களும் இருக்கு.

கெடி எடுங்கோ. காசை மிச்சம் பிடிக்கிறம் எண்டு தனியாப் போறதில ஒரு லாபமுமில்ல. எந்தப் பக்கம் கிரீன் சரியுது, எந்தப் பத்தைக்குள்ள போன பந்தை மறந்துடலாம் எண்டு அவருக்குத்தான் தெரியும். அதோட எங்கட நாட்டில இந்த விளையாட்டு நல்லா விளங்கின ஆக்களைத் தேடினா கெடிமாருக்குள்ளதான் கனபேர் இருப்பினம். நீங்கள் துரை மாதிரி நடக்காம அண்ணை தம்பி எண்டு கதைச்சா அவையளும் ரெண்டு விஷயம் சொல்லித்தருவினம். எங்கட நாட்டில என். தங்கராஜா, கே. பிரபாகரன் எண்டு ரெண்டு தமிழ்ப் பேர் புரொஃபெஷனல் கோல்ஃபில இருக்கு, இந்தியாவில டூர் (தொடர் போட்டி) விளையாடுற ஆக்கள். கிரிக்கெட்டில ஒரு பெடியன் டீமுக்குள்ள வந்தா ஊரே கொடி பிடிக்கும், இவையளைப் பற்றி எங்கட பேப்பர்ல தேடிப் பாக்கவேணும்.

காசு விஷயத்தில வெளிநாட்டு ஆக்களுக்கு ஒரு வார்த்தை. பல கோர்ஸில உள்ளூர் ஆக்களுக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டு பாஸ்போட்டுக்கு வேற கட்டணம், வாரநாள் வேற வாரக்கடைசி வேற. தமிழ் கதைச்சா உள்ளூர் எண்டு எடுக்கமாட்டினம், இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தா அந்த அட்டையைக் கொண்டு வாங்கோ. ஸ்கார்பரோவில இருக்கிற என்ர மச்சான் அங்க பேர்ச்மவுண்ட் ரோட்டில டாம் ஓ'ஷான்டர்ல விளையாடுறவன், அது டொராண்டோ மாநகரசபையின்ட கோர்ஸ், ஆரும் போகலாம், மெம்பர் ஆகத் தேவையில்ல. டெண்டோனியா பார்க் எண்டு இன்னொண்டு, 18 ஹோலும் பார் 3 (மூண்டு அடிக் கணக்குள்ள சின்ன ஹோல்), சப்வேயால இறங்கி நடந்தே போகலாமாம், பழகுற ஆக்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை எண்டு சொல்லுறான். கேக்க எனக்குப் பொறாமையாத்தான் இருந்தது. இங்க ஒரு சின்ன பார் 3 கோர்ஸ், ஒரு மணித்தியாலத்தில முடியிற மாதிரி, பெடியள் பள்ளிக்கூடம் முடிஞ்சு சைக்கிள்ல வந்து விளையாடுற மாதிரி ஒண்டு இருந்தா எவ்வளவு நல்லம். காணியும் இருக்கு, கடலும் இருக்கு, செய்ய ஆள்தான் இல்ல.

விளையாடி முடிஞ்சாப் பிறகு இருக்க ஒரு இடம் வேணும், அதுவும் கோர்ஸ் தெரிவில ஒரு பங்குதான். எங்களுக்கு ஏசி போட்ட கிளப்ஹவுஸ் தேவையில்ல. தோத்த சோடி ரோட்டோரக் கடையில பிளேன்டீயும் மாலுபாணும் வாங்கிக் குடுக்கவேணும், அதுதான் பந்தயம், காசு வைச்சு விளையாடுறேல்ல, ஒருக்கா காசு வைச்ச அண்டைக்கு அத்தானும் ஹோட்டல் தம்பியும் ஒரு ரெண்டடிப் பட்டுக்காக ஒரு கிழமை கதைக்கேல்ல. புள்ளிக் கணக்கு மாஸ்டரிட்டதான், அவர் பழைய ரெஜிஸ்டர் கொப்பியில கோடு அடிச்சு எல்லாற்ற பேரையும் எழுதி வைச்சிருக்கிறார், வராத ஆளுக்கு "வரவில்லை" எண்டு சிவப்புப் பேனையால எழுதுவார், காரணம் சொன்னாலும் அழிக்கமாட்டார்.

மச்சான் அடுத்தமுறை வரேக்க திகனைக்குப் போவம் எண்டு பிடிவாதம் பிடிக்கிறான். வான் காசும் கிரீன் ஃபீஸும் (விளையாடுற கட்டணம்) அவன்ட கணக்கில எண்டா நான் ரெடி, அத்தானும் ரெடி. மாஸ்டரும் வாறாராம், ஆனா அங்க போனாலும் 9 ஹோல்தான் எண்டு இப்பவே சொல்லிப்போட்டார்.